வயரா, காதா?

டிவியிலிருந்து சவுண்ட்பாருக்கோ ஆம்ப்ளிஃபயருக்கோ எந்த வயர் போடலாம்? இன்னைக்கு இதுதான் பேச்சு.

ஆப்டிக்கல், கோஆக்சியல் ரெண்டிலும் ஓடுவது சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து உருவாக்கிய ஒரே எஸ்பிடிஐஎஃப் சிக்னல்தான். கோஆக்சியலில் அது செம்புக் கம்பி வழியா மின்சாரமா போகுது. ஆப்டிக்கலில், அதாவது தோஷிபா 1983-ல் கொண்டுவந்த டாஸ்லிங்க்கில், பிளாஸ்டிக் இழை வழியா சிவப்பு வெளிச்சமா போகுது. அதனால எது 'இனிமையா' கேட்கும்னு சண்டை வேண்டாம். தங்க முலாம் பூசின ஆப்டிக்கல் பிளக்கும் விக்கிறாங்க. வெளிச்சத்துக்கு எதுக்குங்க தங்கம்?

வித்தியாசம் வேற இடத்துல இருக்கு. செங்கல்பட்டு வீட்டுல எச்டிஎம்ஐ ஏஆர்சி போட்டுக் கொடுத்தது நான்தான். 2009-ல் எச்டிஎம்ஐ 1.4-ஓட வந்த வசதி அது. டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டலாம். அம்மாவுக்கு சந்தோஷம். ஆனா அப்பா, "ஏதோ இரையுதுடா, வசனமே புரியல"ன்னு சொல்லிட்டே இருந்தார். "காதைக் காட்டுங்கப்பா"ன்னேன். அவரும் டாக்டர்கிட்ட போய் வந்தார். காதுல ஒண்ணும் இல்லை. அப்புறம் அவர் டிவி முன்னால உட்காருறதையே விட்டுட்டார்.

மார்கழியில ஒரு ராத்திரி ஃபேனை நிறுத்தினோம். அப்போதான் எனக்கும் கேட்டுச்சு, 'ம்ம்ம்'னு ஒரு உறுமல். கேபிள் டிவி வயரைப் பிடுங்கினேன், நின்னுடுச்சு. கேபிளோட எர்த் ஒரு பக்கம், ஆம்ப்ளிஃபயரோட எர்த் இன்னொரு பக்கம். நடுவுல எச்டிஎம்ஐ-யின் செம்பு ரெண்டையும் சேர்த்ததால, நம்ம கரண்ட்டோட 50 ஹெர்ட்ஸ் சத்தம் உள்ளே புகுந்திருக்கு. கோஆக்சியலும் செம்புதான், அதுலயும் இந்த வம்பு வரலாம். ஆப்டிக்கலில் மின்தொடர்பே கிடையாது. மாத்தினேன், அமைதி.

"அப்போ என் காது நல்லாத்தான் இருக்கு?"ன்னு அப்பா கேட்டார். நான் பதில் சொல்லல.

அம்மாதான், "ரெண்டு ரிமோட்டாடா?"ன்னாங்க. நியாயம்தான். டால்பி அட்மாஸும் இதுல வராது, 5.1 வரைக்கும்தான். அட்மாஸ் வேணும்னா ஏஆர்சி, இன்னும் நல்ல தரத்துக்கு 2017-ல் வந்த இஏஆர்சி.

மாமல்லபுரத்துல சித்தப்பா வீடு கடலுக்குப் பக்கம். அங்கே கோஆக்சியல் பிளக்கெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கு. உப்புக்காத்து எச்டிஎம்ஐ-யையும் விடாது. ஆப்டிக்கல் முனையில அரிக்க உலோகத் தொடர்பு இல்லை. ஆனா இழையை மடிச்சுச் சொருகாதீங்க, உடைஞ்சிடும். முனையில இருக்கிற சின்ன பிளாஸ்டிக் மூடியைக் கழட்ட மறக்காதீங்க. நான் மறந்து அரை மணி நேரம் டிவியைத் திட்டியிருக்கேன்.