கோலைத் தடுத்தவனுக்கும் ஒரு கோப்பை
(சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு விழாவில் பேசியது)



நான் ரங்கூனில் பிறந்தவன். 1964-ல் கப்பலேறி வந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயசு. ஊரை விட்டாலும் பர்மா கால்பந்தை மனசு விடவில்லை.

1966 ஆசிய விளையாட்டில் பர்மா தங்கம் வாங்கியது. பாங்காக்கில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று ஜெயித்தார்கள். 1970-லும் அதே பாங்காக். தென்கொரியாவோடு 0-0, தங்கத்தை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். இரண்டு இறுதி ஆட்டத்திலும் பர்மா ஒரு கோல்கூட விடவில்லை! ஆனால் நம்மாட்களைக் கேளுங்கள், முன்வரிசை சுக் பகதூர் பேரைத்தான் சொல்லுவார்கள். பின்னால் நின்று காத்தவர்கள் யார்? எனக்கே சட்டென்று வாயில் வரவில்லை. வெட்கமாய்த்தான் இருக்கிறது.

இந்தக் குறை எங்கும் உண்டு. ஐரோப்பாவின் 'தங்கப் பந்து' விருது, 2006-ல் இத்தாலியின் கன்னவாரோ வாங்கிய பிறகு, பின்வரிசைக்காரர் எவருக்கும் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய கால்பந்தின் பிரவுன்லோ பதக்கத்துக்கு நடுவர்களே ஆட்டத்துக்கு ஆட்டம் 3, 2, 1 என்று ஓட்டுப் போடுகிறார்கள். அதுவும் பெரும்பாலும் நடுக்கள ஆட்டக்காரருக்கே போகிறது. விழுந்த கோலை எண்ணலாம். விழாமல் போனதை யார் எண்ணுவது?

நம் சங்கப் போட்டியிலும் அதிக கோல் போட்டவருக்குத்தான் கோப்பை. இந்த வருஷம் பின்வரிசைக்கும் ஒன்று கொடுங்கள், செலவு என்னுடையது. யாருக்கு என்று எதிரணி முன்வரிசைப் பையனைக் கேளுங்கள்: "இன்றைக்கு உன்னை யாரப்பா தடுத்தது?" அவனுக்குத்தான் தெரியும்.

அனைவருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.