களிமண்ணில் எழுதிய வானம்

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் உறுப்பினர்களே, கவிஞர் பெருமக்களே!

கவிஞர்கள் கூடிய அவையில் கணித அறிஞர் ஒருவரின் வாழ்வு பேசப்படுவது புதுமையாகத் தோன்றலாம். எனினும், செல்லரித்த ஏட்டில் மறைந்துபோன சீரை எதுகையும் தளையும் கொண்டு மீட்டெடுக்கும் பதிப்பு மரபினை அறிந்தோர்க்கு ஓட்டோ நியூகபவர் அயலார் அல்லர்.

1899ஆம் ஆண்டு இன்ஸ்புருக் நகரில் பிறந்த அவர், ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் எகிப்தியரின் பின்னக் கணக்கை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பாபிலோனியரின் ஆப்பெழுத்துக் களிமண் பலகைகள் அவர் உள்ளத்தை ஈர்த்தன. 1933இல் நாஜி ஆட்சி கேட்ட உறுதிமொழியில் கையொப்பமிட மறுத்தார். கணித நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பு அவரிடம் ஒரே நாள்தான் இருந்தது. மறு ஆண்டே கோபன்ஹேகன் சென்றார். யூதரான லெவி-சிவிட்டாவின் பெயர் ஆசிரியர் குழுவினின்று நீக்கப்பட்டபோது, தாமே தொடங்கி வளர்த்த கணித ஆய்விதழின் பொறுப்பை 1938இல் துறந்தார். 1939இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகம் அவருக்குப் புகலிடமாயிற்று.

அவர் கற்ற வானியல் பலகைகளில் பெரும்பாலானவை கி.மு. கடைசி மூன்று நூற்றாண்டுகளில் பாபிலோன், உருக் நகரங்களில் எழுதப்பட்டவை. ஸ்ட்ராஸ்மையர், எப்பிங், கூக்லர் என்னும் யேசு சபைத் துறவியர் மூவர் அவற்றைப் படிக்க முன்னரே வழி திறந்திருந்தனர். அவற்றில் கதை இல்லை, துதி இல்லை, அறுபதின் அடிப்படையில் அமைந்த எண்களின் நிரல்களே உண்டு. ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிட ஒரே அளவு கூடும். உச்சம் தொட்டபின் அதே அளவு குறையும். இந்த ஒழுங்கை அறிந்தவர்க்குப் பலகையின் உடைந்த மூலை இழப்பன்று. மறைந்த எண்ணைக் கணக்கே சொல்லிவிடும். வெவ்வேறு அருங்காட்சியகங்களில் கிடந்த துண்டுகள் ஒரே பலகையின் பகுதிகள் என்பதையும் எண்களின் தொடர்ச்சியே காட்டிக் கொடுத்தது. ஏறத்தாழ 300 பலகைகள் இவ்வாறு உயிர்பெற்று, 1955இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன.

இந்த ஆய்வு தமிழ் மண்ணையும் தொட்டது. புதுச்சேரியில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமான வாக்கியங்களின் துணையால் 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். அதனை ஜான் வாரன் என்னும் அதிகாரி பதிவு செய்துள்ளார். கிரகணத்தின் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். முடிவில் 52 நிமிடம். நியூகபவர் பிழையின் அளவைப் பெரிதாகக் கொள்ளவில்லை. அறுபடாத மரபையே கண்டார். சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து திரும்பும் 248 நாள் சுற்று, பாபிலோனியக் கணக்கிலும் உண்டு. எண்ணை எழுத்தாக்கிக் கோத்த நம் சந்திர வாக்கியங்களிலும் உண்டு. 1952இல் 'தமிழ் வானியல்' என்னும் கட்டுரையில் அவர் இதனை ஆராய்ந்தார்.

களிமண் பலகைகள் மண்ணுக்குள் ஊமையாய்க் கிடந்த நூற்றாண்டுகளில், அக்கணக்கின் ஒரு கூறு மனித நாவில் வாழ்ந்திருந்தது. எண்ணையும் ஓசையாக்கி நினைவில் நிறுத்தியது இம்மரபு. மனப்பாடத்தை இழிவாகக் கருதும் இக்காலத்தில், எத்தனை வாக்கியங்கள் ஓதுவாரின்றி அழிகின்றன? பலகை உடைந்தால் கணக்கு மீட்கும். கடைசி நாவும் ஓய்ந்தால் எது மீட்கும்?

1990இல் மறைந்த அப்பேரறிஞரின் வாழ்வு இவ்வட்டத்தின்முன் வைக்கும் வினா இதுவே. அடுத்த பத்தாண்டு அதற்கு விடையாகட்டும்.