கன்டெய்னரின் பதினோராவது இலக்கம்

நான் வடசென்னையின் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவன்.

ஆலைகளின் கணினிப் பாதுகாப்பு என் தொழில் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், சைபர் செக்யூரிட்டிக்குப் போக எந்தக் கோர்ஸ் எடுக்கணும்?" இன்று இந்தப் பட்டமளிப்பு விழாவுக்கு வரும்போது உங்கள் கல்லூரி வாசலிலும் ஒரு அம்மா கேட்டார். மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறாள், கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்க்காமல் விட்டுவிட்டோமே என்று அவருக்கு மனக்குறை. அம்மா, உங்கள் மகள் எதையும் இழக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் அப்பா சென்னைத் துறைமுகத்தில் டாலி கிளார்க். கன்டெய்னருக்கென்றே தனியாக அமைந்த நாட்டின் முதல் முனையம் 1983-இல் அங்கேதான் வந்தது. பெட்டிக் கதவில் எழுதியிருக்கும் நான்கு எழுத்துகளையும் ஏழு எண்களையும் பார்த்துக் குறித்துக்கொள்வது அப்பாவின் வேலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி நிற்கும்போது நீங்களும் பாருங்கள்: கடைசி எண்ணைச் சுற்றி மட்டும் ஒரு சின்னக் கட்டம் போட்டிருக்கும். "அது எதுக்குப்பா?" என்று கேட்டேன். "நான் தப்பா எழுதினா அது காட்டிக்கொடுத்துடும்" என்றார்.

எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் புரிந்தது. எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு உண்டு. முதல் பத்து இடங்களையும் வரிசையாக 1, 2, 4, 8 என்று 512 வரையான எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கட்டத்துக்குள் இருக்கும் எண் (மீதி 10 வந்தால் 0). ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினால் அநேகமாகக் கணக்கு உதைக்கும். கொட்டும் மழையிலும் இரவு விளக்கிலும் எழுதுகிற மனிதனுக்கு இது பெரிய துணை.

இப்போது அந்த எண்ணை ஒருவன் வேண்டுமென்றே மாற்றுகிறான் என்று வையுங்கள். அவனுக்கும் இந்தக் கணக்கு தெரியும். புது எண்ணுக்கேற்ற கடைசி இலக்கத்தையும் அவனே போட்டுவிடுவான். அப்பாவால் கண்டுபிடிக்க முடியாது. கைப்பிழையைப் பிடிக்கும் கணக்கு வஞ்சகத்தைப் பிடிக்காது. வஞ்சகத்தைப் பிடிக்க வேண்டுமானால், அனுப்புபவருக்கும் பெறுபவருக்கும் மட்டுமே தெரிந்த ஒரு ரகசியமும் அந்தக் கணக்கில் சேர வேண்டும். மறையாக்கவியலின் (கிரிப்டோகிராஃபி) அடித்தளமே இங்கேதான் இருக்கிறது. அதற்கு வேண்டியவை எண் கோட்பாடும் இயற்கணிதமும். அவை கணிதத் துறையில் நடத்தப்படும் பாடங்கள்.

கணிதம் மட்டுமல்ல, இயற்பியலும் அப்படித்தான். எங்கள் காலத்தில் கல்லூரிக்கு ஒரு கணினி; கண்ணாடி அறைக்குள் இருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் போக வேண்டும். எனக்கு இயற்பியல் ஆய்வகமே கதி. ஆசிலோஸ்கோப்பில் மின் அலை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே மாலையாகிவிடும். கணினி கைக்கு எட்டவில்லையே என்று அப்போது ஏங்கினேன். ஆனால் எனக்குச் சோறு போட்டது அந்த ஆய்வகம்தான்.

ஆலைக் கம்பிகளில் ஓடுவதும் அதே மின் அலைகள்தான். அங்கே கொதிகலன், பம்ப், வால்வு எல்லாவற்றையும் இயக்கும் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள சில மொழிகள் உண்டு. அவற்றில் ஒன்று மோட்பஸ். 1979-இல் வந்தது, இன்றும் உலகெங்கும் ஓடுகிறது. கம்பியில் இரைச்சல் கலந்தால் கண்டுபிடிக்கும் சோதனை எண் அதில் உண்டு, கன்டெய்னர் எண்ணில் இருப்பதைப் போலவே. "வால்வைத் திற" என்று சொல்வது யார் என்று மட்டும் அது கேட்பதில்லை. அன்று அந்தக் கம்பி ஆலைச் சுவருக்குள் இருந்தது, கேட்கவும் தேவையில்லை. இன்று அதே கம்பி அலுவலக வலைப்பின்னலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

2015 டிசம்பர் 23 அன்று உக்ரைனில் மூன்று மின்விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் ஹேக்கர்கள் ஊடுருவினார்கள். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே திரையில் மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்களைத் திறந்து மின்சாரத்தைத் துண்டித்தது. சுமார் 2.25 லட்சம் இணைப்புகள் இருளில் மூழ்கின. சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. எப்படி? ஊழியர்கள் துணைமின் நிலையங்களுக்கு நேரில் போய்க் கையால் பிரேக்கரை மூடினார்கள். அந்தக் கை வித்தை தெரிந்தவர்கள் அன்று இல்லாமல் போயிருந்தால்? எலக்ட்ரிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்த பிள்ளைகள் சைபர் பாதுகாப்புக்கு வர வேண்டும் என்று போகிற இடமெல்லாம் நான் மன்றாடுவது இதனால்தான்.

நம் நாட்டுக்கும் இத்தகைய தாக்குதல் புதிதில்லை. 2017 ஜூன் 27 அன்று பரவிய நாட்பெட்யா என்ற தீநிரல் (மால்வேர்) மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தை முடக்கியபோது, மும்பை அருகே நவசேவாவில் அந்தக் குழுமத்தின் முனையமும் முடங்கியது. 4,000 சர்வர்கள், 45,000 கணினிகள் அனைத்திலும் மென்பொருளைப் புதிதாக ஏற்ற வேண்டியிருந்தது என்று அந்நிறுவனத்தின் தலைவரே பின்னர் சொன்னார். முனைய மென்பொருள் போய்விட்டால், கிரேன் இருந்தும் எந்தப் பெட்டி எந்த அடுக்கில் என்பது தெரியாது, கேட் திறக்காது. அப்படி ஒரு நாள் நம் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தால் லாரி வரிசை எங்கே போய் முடியும் என்று ராயபுரத்துக்காரர்களுக்கும் எண்ணூர்க்காரர்களுக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்கடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் டிரைவரைத் தினமும் பார்க்கிறோம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் தீநிரல் புகுந்ததை இந்திய அணுமின் கழகம் 2019 அக்டோபர் 30 அன்று உறுதிசெய்தது. உலையை இயக்கும் அமைப்புகள் தனி, அவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் விளக்கியது. துறைமுகமானாலும் அனல்மின் நிலையமானாலும் உர ஆலையானாலும், அலுவலக வலையும் ஆலை வலையும் உண்மையிலேயே தனித்தனியா என்று கேபிள் கேபிளாகப் பார்த்துச் சொல்ல ஆள் வேண்டும். அவருக்குக் கணினியும் தெரிய வேண்டும், ஆலையும் தெரிய வேண்டும்.

வணிகவியல் மாணவர்களும் கேளுங்கள். கணினித் தாக்குதல் நடந்தால், அது தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்று இந்தியக் கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022-இல் உத்தரவிட்டது. தணிக்கையும் சட்டமும் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது. தமிழ் படித்தவர்களே, நம் தெருவில் ஓ.டி.பி. சொல்லிப் பணத்தைப் பறிகொடுக்கும் பாட்டிக்குப் புரிகிற மாதிரி எச்சரிக்கை எழுதவும், 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே போன் செய்யச் சொல்லவும் உங்களை விட்டால் யார்?

மேலே படிக்க நினைப்பவர்களே, உங்கள் பாடத்தை விட்டுவிடாதீர்கள். அதன்மேல் நெட்வொர்க்கும் லினக்ஸும் கற்றுக்கொள்ளுங்கள். ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மூன்று மாதத்தில் ஹேக்கர் ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தை நம்பி அம்மாவின் வளையலை அடகு வைக்காதீர்கள். பயிற்சியை உங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் அடுத்தவர் கணினிக்குள் புகுந்து தகவல் எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சைபர் பாதுகாப்புக் கண்காணிப்பு மையங்கள் இரவும் பகலும் இயங்குபவை, ஷிஃப்ட் உண்டு. துறைமுகத்துக்கும் அசோக் லேலண்ட் ஆலைக்கும் இரவு ஷிஃப்ட் போனவர்களின் ஊர் இது. மகன் போகிறான் என்றால் சரி என்கிறோம், மகள் என்றால் தயங்குகிறோம். வீடு வரை கொண்டுவந்து விட வண்டி உண்டா, கூடக் காவலர் வருவாரா என்று நிறுவனத்திடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அனுப்பிவையுங்கள்.

 வணக்கம்.