நம்ம ஊர்ச் செய்தியை யார் எழுதுவது?
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



விபத்து, கொலைன்னா நம்ம ஊர் பேப்பர்ல வருது. மூணு மாசமா தண்ணி வரலைன்னா வருதா?

உத்தரப்பிரதேசம் சித்திரகூட் மாவட்டத்தில் 2002-இல் ‘கபர் லஹரியா’ பத்திரிகை தொடங்கியது. நிரந்தர் என்ற தொண்டு நிறுவனம் துணை நின்றது. நிருபர்கள் எல்லாரும் கிராமத்துப் பெண்கள், பலர் தலித் பெண்கள். தாங்கள் பேசுகிற புந்தேலியிலேயே எழுதினார்கள். அடிபம்பு, ரேஷன், கூலி பாக்கி இதெல்லாம்தான் செய்தி. பேப்பரை அவங்களே ஊர் ஊராப் போய் வித்தாங்க. தப்பா எழுதினா வாசல்லயே கேட்டுடுவாங்களே! அடுத்த செய்தியும் அதே வாசல்ல கிடைக்கும். இப்போது அச்சு நின்று, செல்போனில் வீடியோவாகத் தருகிறார்கள்.

நாமும் நம்ம பகுதி நிருபரைக் குழுக் கூட்டத்துக்கே கூப்பிடுவோம். தண்ணி நின்ன தேதி, எத்தனை வீடு, மனு கொடுத்த ரசீது, மூணையும் தீர்மான நோட்டோட எடுத்துட்டு வாங்க.