அடிமை ஓலையும் விடுதலையும்



‘பாவத்திலிருந்து விடுதலை’ என்ற பேச்சு கிறிஸ்தவர் அல்லாத நேயர்களின் காதிலும் அடிக்கடி விழுந்திருக்கும். செபக்கூட்டத்து ஒலிபெருக்கியிலோ தெருமுனைப் பிரசங்கத்திலோ கேட்டிருப்பீர்கள். பழைய கணக்கெல்லாம் தீர்ந்துவிட்டது, இனி எதற்கும் கட்டுப்பட வேண்டியதில்லை என்று சொல்வதுபோல அது தோன்றக்கூடும். கிறிஸ்தவ விசுவாசம் சொல்வது அதுவல்ல. இறையியல் நூலைப் புரட்டி அதை விளக்குவதைவிட, இந்தக் கண்டி நகரில் சிறையிருந்து, இங்கேயே பணி செய்து, இந்த மண்ணிலேயே அடங்கிய ஒரு மனிதரைக் காட்டி விளக்குவதுதான் எனக்குப் பிடிக்கிறது. அவர் புனித யோசப் வாஸ் அடிகளார்.

கோவாவில் 1651ஆம் ஆண்டு பிறந்தவர். 1676இல் குருவானார். அடுத்த ஆண்டு, 1677 ஆகஸ்ட் 5ஆம் திகதி, தந்தையின் ஊரான சாங்குவாலேயில் ஒரு பத்திரம் எழுதினார். காணி எழுதிக் கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி, தம்மையே மரியன்னைக்கு என்றென்றைக்கும் அடிமையாக எழுதிக் கொடுத்து, தம் கையாலேயே ஒப்பமும் இட்டார். அப்போது அவருக்கு வயது 26.

தமிழர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. புத்தூரில் சுந்தரரின் மணப்பந்தலுக்குள் ஒரு கிழவர் ஓலையோடு வந்து நின்ற கதை நம் வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுவது. நீ எனக்கு அடிமை, உன் பாட்டனார் எழுதித் தந்த ஓலை இதோ என்று வழக்காடி, கல்யாணத்தைத் தடுத்து, ஆட்கொண்டார் இறைவன். அங்கே ஓலையைக் கொண்டுவந்தவர் கடவுள். இங்கே எழுதிக் கொடுத்தவர் மனிதர். ஆனாலும் யோசப் வாஸ் அடிகளாரைக் கேட்டிருந்தால், என் கை பேனாவை எடுக்குமுன்னே கடவுளுடைய அருள் என்னைப் பிடித்துவிட்டது என்றுதான் சொல்லியிருப்பார் என நம்புகிறேன். கிறிஸ்தவ விசுவாசத்தில் அருள்தான் முந்துகிறது. நான் ஒழுங்காக நடந்தால் கடவுள் என்னைக் கண்திறந்து பார்ப்பார் என்பதல்ல. அவர் முதலில் பார்த்துவிட்டார், அந்தப் பார்வையின் பலத்தில்தான் எனக்கு நடக்கவே முடிகிறது. இந்த விஷயத்தில் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் பெரும் பிணக்கு இருந்தது. 1999இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பேர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும் சேர்ந்து ஒப்பமிட்ட அறிக்கை, மீட்பு நம் புண்ணியத்துக்குக் கிடைக்கும் கூலியல்ல என்று ஒரே குரலில் சொல்கிறது.

அப்படியானால் கீழ்ப்படிதல் எதற்கு? அருள்தான் இலவசமாகக் கிடைக்கிறதே, பாவம் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். புனித பவுலடியார் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 6ஆம் அதிகாரத்தில் இதே கேள்வியைத் தாமே எழுப்புகிறார். அவருடைய பதிலின் சாரம் இது: எஜமான் இல்லாத மனிதன் எவனும் இல்லை. பாவத்துக்கு ஊழியம் செய்தவன் அதன் பிடியிலிருந்து விடுபடும்போது, கடவுளுக்கு ஊழியனாகிறான். அந்த ஊழியம்தான் அவனுக்கு விடுதலை.

அடிகளாரின் வாழ்க்கைக்கு வருவோம். அவர் மனம் முழுவதும் இலங்கையில் இருந்தது. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த பிறகு, இங்கே கத்தோலிக்கக் குருமார் நடமாட முடியாத நிலை. ஞானஸ்நானம் கொடுக்க, பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை. ஆனால் மேலிடம் 1681இல் அவரைக் கன்னட நாட்டுப் பணிக்கு அனுப்பியது. போனார். முணுமுணுக்காமல் அங்கே மூன்று ஆண்டு உழைத்தார். இந்தக் காலத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கீழ்ப்படிதலைத் தேடுகிறவர்கள் இங்கேதான் நின்று பார்க்க வேண்டும். ஆசைப்பட்ட இடம் ஒன்று, அனுப்பப்பட்ட இடம் இன்னொன்று.

1687இல் அவர் யாழ்ப்பாணம் வந்தபோது பிச்சைக்காரக் கோலம். கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகக் கையேந்தினார். அந்த மாலையைக் கண்டு எந்த முகம் மாறுகிறது என்று கவனிப்பார். மாறுகிற முகம் கத்தோலிக்க முகம். இரவுகளில் மறைவாகப் பூசை நடந்தது, சில்லாலை போன்ற ஊர்களில் மறைந்திருந்த விசுவாசம் மீண்டும் மூச்சு விட்டது.

1692இல் கண்டி. போர்த்துக்கேய ஒற்றன் என்ற கோள் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனின் காதுக்கு எட்டியிருந்தது. வந்த உடனே காவலில் வைத்தார்கள். சிறையில் அவர் சிங்களம் கற்றார். நாளடைவில் காவல் தளர, ஒரு குடிசையில் பலிபீடம் எழுந்தது. வரட்சிக் காலத்தில் அவர் செபித்து மழை பெய்த அற்புதத்தைக் கத்தோலிக்கர் இன்றும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1697.

அந்த ஆண்டு கண்டியில் வைசூரி பரவியது. தடுப்பூசி இல்லாத காலம். அரசனே தலைநகரை விட்டு வெளியேறினான். ஊர் கலைந்தது. கொப்புளம் கண்டவர்களைப் பெற்ற பிள்ளைகளும் கைவிட்டு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. கொரோனா நாட்களில் நாமும் பயந்துதானே கதவை மூடினோம்? அடிகளாரும் அவருடைய உறவினரான யோசப் கர்வாலியோ சுவாமியும் போகவில்லை. கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் விடுதிகளாக மாற்றினார்கள். புண்ணைக் கழுவினார்கள், உணவு ஊட்டினார்கள், செத்தவர்களுக்குக் குழி வெட்டினார்கள். நோயாளி பௌத்தரா கத்தோலிக்கரா என்று கேட்கவில்லை.

பாவம் என்றால் கொலை, களவு என்று மட்டும் நினைக்கிறோம். ‘முதலில் நான் தப்ப வேண்டும்’ என்று உள்ளுக்குள் அதட்டும் குரல் ஒன்று இருக்கிறதே, பாவத்தின் மூல அதிகாரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் குரல் அடிகளாருக்குக் கேட்காமல் போயிருக்காது. கேட்டும் அது அவரை ஏவ முடியவில்லை, அவர்தான் வேறோர் எஜமானுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாரே. கிறிஸ்தவர் சொல்லும் விடுதலை இதுதான். விழவே மாட்டேன் என்ற உத்தரவாதத்தை அது தருவதில்லை. அடிகளார் தம்மைப் பாவியென்றே கருதி வாழ்ந்தவர். உயிரோடிருக்கும் காலமெல்லாம் செய்யாமல் விட்டதைச் சாகும் வேளையில் எளிதாகச் செய்துவிட முடியாது என்று, மரணப் படுக்கையில் தம்மோடிருந்தவர்களுக்கு அவர் அறிவுறுத்தியதாக வரலாறு சொல்கிறது. அருளைக் கடவுள் கொடுத்தார். அதற்கு இசைந்து தினமும் எழுந்து நடந்த கால்கள் அவருடையவை.

கொள்ளைநோய்க்குப் பின் மன்னன் தன் நாடெங்கும் போதிக்க அவருக்கு அனுமதி கொடுத்தான். கோவாவிலிருந்து வேறு குருமாரும் வந்து சேர்ந்தார்கள். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி, தமிழிலும் சிங்களத்திலும் நூல்களை எழுதிக் குவித்தார். அடிகளாரை ஆயர் நிலைக்கு உயர்த்த ஒரு முயற்சி நடந்தது. அவர் மறுத்துவிட்டார். 1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் காலமானார். 2015 ஜனவரி 14ஆம் திகதி, பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். கண்டியில் அவரை எங்கே அடக்கம் செய்தார்கள் என்பதை இன்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது.