பிள்ளை பெற்றபின் தாய்க்கு யார் துணை?

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வரலாற்றை நாம் யாவரும் அறிவோம். காவிரியிலே வெள்ளம். நிறைமாதக் கர்ப்பிணியான இரத்தினாவதியிடம் வந்துசேர அவளைப் பெற்ற தாயால் இயலவில்லை. இறைவனே தாயின் வடிவில் வந்து பிரசவம் பார்த்தான். அத்தோடு அவன் மறைந்துவிடவில்லை என்பதே நாம் சிந்திக்கவேண்டியது. வெள்ளம் வடிந்து தாய் வாசலில் வந்து நிற்கும்வரை அவளையும் குழந்தையையும் உடனிருந்து பேணினான்.

பிள்ளை பிறந்ததோடு ஆபத்து நீங்கிவிடுவதில்லை. பிரசவத்தின்பின் 42 நாட்களைப் பேறுகாலத்தின் பகுதியாகவே வைத்தியர்கள் கொள்கின்றனர். கர்ப்பத்திலே இரத்த அழுத்தம் மிகுந்தவளுக்குப் பிரசவமான மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரை அது மீண்டும் ஏறக்கூடும், வலிப்பும் வரலாம். கர்ப்பத்தில் நீரிழிவு கண்டவள் 6 முதல் 12 வாரத்துள் மறுபடி இரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். வயிற்றில் அறுவை நடந்தவளின் புண்ணில் கிருமி தொற்றலாம்.

1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாடு நமது நாடு. 1940களின் நடுப்பகுதியில் ஓர் இலட்சம் பிறப்புக்கு 1,000க்கும் மேற்பட்ட தாய்மார் மாண்டனர். இன்று அத்தொகை சில பத்துகளாகக் குறைந்துவிட்டது. வீடு தேடி வரும் குடும்பநல மாதர்க்கு இதிற் பெரும் பங்குண்டு. ஆனால் இந்த நன்மை எல்லா வாசலுக்கும் ஒரே அளவில் வந்து சேர்ந்ததா?

கண்டி நகரத்துத் தாய்க்குப் பெரிய வைத்தியசாலை முச்சக்கரவண்டி போகும் தூரம். ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே லயத்தில் இருப்பவளோ ஆறாத தையலோடும் கைக்குழந்தையோடும் கல்றோட்டில் இறங்கி, மகியங்கனை வீதிக்கு வந்து, பஸ் ஏறித் தெல்தெனியவுக்கோ கண்டிக்கோ போகவேண்டும். கூடப் போகிறவருக்கு அன்றைய பேர் இல்லை. கிளினிக் துண்டு சிங்களத்தில் இருந்தால் அடுத்த தவணை என்றைக்கென்று அறியாமலே திரும்புகிறாள். இது நமக்கு மட்டும் உரிய துன்பமன்று. லூல்வத்தை, மீமுரைக் கிராமத்துச் சிங்களத் தாய்மாரும் இதே வீதிக்கே இறங்கி வருகின்றனர்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1939ஆம் ஆண்டின் பிரசவ நன்மைகள் கட்டளைச் சட்டம், 2018இன் திருத்தத்தின்பின், எத்தனையாவது பிள்ளையாயினும் 84 நாள் விடுமுறை தருகிறது. ஆனால் செக்றோலிற் பெயரின்றிக் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவளுக்கு அது எட்டுவது அரிது. பச்சை உடம்போடு அவள் மலையேறுகிறாள்.

பெரியோர்களிடம் பணிவுடன் ஒன்று கேட்கிறோம். துடக்குக் கழியவில்லை என்று கிளினிக் தவணையைத் தள்ளிப்போடலாமா? வலிப்பைக் கண்டதும் பேய்க்கோளாறென்று பூசாரியைத் தேடலாமா? பிள்ளை பெற்ற வீட்டில் உடனிருந்த இறைவன் துடக்குப் பார்க்கவில்லையே! தாய்க்கு ஓய்வும் நல்லுணவும் கொடுத்த நம் முன்னோரின் பத்தியத்தைப் போற்றுவோம். வைத்தியரிடம் போகும் வழியை அதனால் அடைக்காதிருப்போம்.

தோழர்களே, நம்மாற் செய்யக்கூடியவை மூன்று உண்டு. ஒன்று, ஆபத்தோடு பிள்ளை பெற்ற தாயின் குடும்பத்தாரிடம் கேட்டு, தவணை நாட்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது. இரண்டு, மன்ற நிதியில் ஒரு பங்கை அவளுடைய போக்குவரத்துக்கு ஒதுக்குவது. மூன்று, கடுந்தலைவலி, கண்மங்கல், காய்ச்சல், மூச்சுத்திணறல், மிகுந்த உதிரப்போக்கு ஆகியவற்றை ஆபத்தின் அறிகுறிகளென்று லயந்தோறும் சொல்வது. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வண்டி ஏறமுடியாத இடத்திலிருந்து வீதிவரை தாயைத் தூக்கிவர நமக்குத் தோள்கள் உண்டு.

திருவிழாவிலே தேரை இழுக்கும் தோள்கள் அவை. இந்தப் பணிக்கும் அவற்றைக் கொடுப்போமாக.