இரண்டு விமானம், ஒரே பயணச்சீட்டு
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

 

கடல் கடந்து பிழைக்கச் சென்ற சபுராளி ஒருவரேனும் இல்லாத வீடு நமதூரில் அரிது. உம்ராவுக்குப் புறப்படும் முதியோரும் ஆண்டுதோறும் இருக்கின்றனர். இவர்களில் பலர் தூத்துக்குடியிலிருந்து சென்னை வரை உள்நாட்டு விமானத்திலும், அங்கிருந்து ஜித்தாவுக்கோ துபாய்க்கோ வெளிநாட்டு விமானத்திலும் செல்கின்றனர். இந்த இணைப்பு எங்கே அறுந்துபோகிறது, அறுந்தால் நட்டம் யார் தலையில் விழுகிறது என்பதைக் கூறவே உங்கள் முன் நிற்கிறேன்.

முதலில் அறிய வேண்டியது இது. இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் பதிவாகியிருந்தால், அது ஒரே பயணம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறிப்போனால், அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்பும் பொறுப்பு விமான நிறுவனத்தைச் சேரும். இந்தியா 2009ஆம் ஆண்டில் இணைந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையும், ஒரே பயணமாக ஒப்புக்கொள்ளப்பட்ட இத்தகைய தொடர் பயணத்தைப் பிரிக்கப்படாத ஒன்றாகவே கருதுகிறது. இரண்டையும் தனித்தனிச் சீட்டாக வாங்கினால் நிலைமை வேறு. சென்னைக்குக் கொண்டுவந்து இறக்கியதோடு முதல் நிறுவனத்தின் கடமை முடிந்தது. நீங்கள் வரவில்லை என்று எழுதிவிட்டு இரண்டாவது விமானம் புறப்பட்டுவிடும். புதுச் சீட்டுக்கு உங்கள் பணந்தான் போகும்.

தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்பது பல வேளைகளில் உண்மையே. ஆனால் அந்த மிச்சத்தை நாடுவோர் பெரும்பாலும் நட்டத்தைத் தாங்க இயலாதவர்கள் என்பதுதான் வேதனை. வேலையில் சேர வேண்டிய நாள் குறிக்கப்பட்ட இளைஞனுக்கும், விசாக் காலம் முடியும் தறுவாயில் திரும்புகிறவனுக்கும் ஒருநாள் தாமதம் சீட்டுப் பணத்தோடு போவதில்லை, பிழைப்பையே பறித்துவிடக்கூடும்.

"மூன்று மணி நேரம் இடைவெளி இருக்கிறதே" என்று கேட்பர். கணக்கிட்டுப் பார்ப்போம். தனிச் சீட்டாயின் சென்னையில் பெட்டியைப் பெற்றுக்கொண்டு வெளியே வரவேண்டும். அதற்கு அரை மணி முதல் முக்கால் மணி வரை ஆகலாம். பின்னர் பன்னாட்டு முனையத்திற்கு நடந்து, வாயிலில் பாஸ்போர்ட்டையும் சீட்டையும் காட்டி உள்ளே சென்று, மீண்டும் வரிசையில் நின்று பெட்டியை ஒப்படைக்க வேண்டும். அந்தக் கவுண்டர் பொதுவாக விமானம் புறப்பட ஒருமணி நேரத்திற்கு முன்பே மூடப்படும். ஆகவே கையில் எஞ்சுவது ஏறத்தாழ ஒருமணி நேரமே. முதல் விமானம் அவ்வளவு தாமதமானாலே போதும், இணைப்பு அறுந்துவிடும்.

தாமதமோ நம் கையில் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டிருந்தது. 2018 ஜனவரியில் போகிப் புகையால் விமானங்கள் இறங்க இயலாமல் திருப்பி விடப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் நீர் நின்றது. மழைக்காலத்தில் பயணம் வைப்போர் இவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். தனிச் சீட்டுத்தான் வாங்க முடியும் என்ற நிலை வந்தால், முதல்நாளே சென்னை சென்று தங்குவதே அறிவுடைமை. இரயிலில் சென்றாலும் ஒருநாள் முந்திச் செல்க. தமக்கு வேண்டிய ஊருக்குத் திருச்சியிலிருந்தோ மதுரையிலிருந்தோ நேரடி விமானம் இருக்கிறதா என்றும் முதலில் விசாரித்துக்கொள்வது நன்று.

ஒரே சீட்டு வாங்கியோரும் மூன்று செய்திகளில் கவனமாக இருத்தல் வேண்டும்.

ஒன்று, முதல் விமானத்தை விட்டுவிட்டு, "நான் இரயிலில் வந்து சென்னையில் ஏறிக்கொள்கிறேன்" என்று எண்ணக்கூடாது. முதல் கட்டத்தில் ஏறாவிட்டால் மீதிப் பயணம் முழுவதையும் நிறுவனம் இரத்து செய்துவிடலாம்.

இரண்டு, புறப்படும் இடத்திலேயே பெட்டியில் ஒட்டும் சீட்டில் இறுதி ஊரின் பெயர் இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். அவ்வாறு இருந்தால் அந்தப் பெட்டி ஜித்தாவில்தான் கைக்கு வரும். ஆதலின் நேரே மக்கா செல்லும் உம்ராப் பயணிகள் இஹ்ராம் துணியைக் கைப்பையிலேயே வைத்திருக்க வேண்டும். விமானம் மீக்காத் எல்லையை வானிலேயே கடந்துவிடும். அன்றாட மருந்துகளும் கைப்பையில் இருக்கட்டும்.

மூன்று, சீட்டில் அச்சிட்டிருக்கும் முனையத்தைப் பார்க்க வேண்டும். சென்னையில் உள்நாட்டு, பன்னாட்டு முனையங்கள் ஒரே வளாகத்தில் உள்ளன. மும்பையில் அவ்வாறன்று. சாந்தாகுரூஸில் முதல் முனையமும் சஹாரில் இரண்டாவது முனையமும் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சாலை வழியாகத்தான் செல்ல வேண்டும். டில்லியிலும் முதல் முனையத்திற்கும் மூன்றாவது முனையத்திற்கும் இடையே அத்தகைய தொலைவு உண்டு.

சுமையின் அளவும் வேறுபடும். உள்நாட்டுச் சீட்டில் சாதாரண வகுப்புக்கு 15 கிலோ என்பதே வழக்கம். வளைகுடாச் சீட்டில் 30 கிலோ என்று நம்பிக் கட்டிய பெட்டிக்குத் தனிச் சீட்டுக்காரர் உள்நாட்டு விமானத்தில் கூடுதல் பணம் கட்ட நேரிடும். பன்னாட்டுப் பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தைக் கைப்பையில் அனுமதிப்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொன்றும் கூறுவேன். வளைகுடா விமானங்கள் பல நள்ளிரவுக்குப் பின் புறப்படுகின்றன. சீட்டில் 15ஆம் தேதி 00.40 என்றிருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதனை 15ஆம் தேதி இரவு என்றெண்ணி உள்நாட்டுச் சீட்டு எடுத்தால் ஒருநாள் பிந்திப்போகும்.

அருமைச் சகோதரர்களே! டிராவல்ஸ்காரரிடம் பணம் கட்டுமுன், "இவ்விரண்டும் ஒரே பி.என்.ஆர். எண்ணா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும். ஆங்கிலம் அறியாத முதியவர் சீட்டுடன் வந்தால், நம் இளைஞர்களில் ஒருவர் தேதியையும் நேரத்தையும் முனையத்தையும் படித்துச் சொல்லட்டும். மஃரிபுக்குப் பின் பள்ளிவாசலில் கால் மணி நேரம் செலவிட்டால் இப்பணி முடிந்துவிடும். பயணம் புறப்படுவோர் அனைவரும் நலமுடன் சென்று நலமுடன் திரும்ப வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.